காற்றும் காதும்

நமது புல்லட்டின் முகப்பில் கண்ணாடி ஒன்று ஏறியிருப்பதைக் கண்டு பங்கு மக்கள் பலவிதமாகப் பேசினர். "இந்த வயசுல சாமிக்கு இந்த ஆசை எதுக்கு?" என்றார் ஒரு பெரியவர். இளைஞர்கள் விலையைக் கேட்டனர். மறைக்கல்விக்கு வரும் சிறுவன் ஒருவன், "சாமி, இது போலீஸ் வண்டியா?" என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் ஓடிப்போனான். ஒவ்வொருவருக்கும் வழியில் நின்று விளக்குவதைக் காட்டிலும் இப்பக்கங்களில் ஒரு தடவை எழுதிவிடுவது எளிது என்று தோன்றியது. நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிளில் செல்லும் தந்தையரும் மைந்தரும் நம் குடும்பங்களில் இன்று ஏராளம். நாம் செலவழித்த பணத்தை அவர்களும் செலவழிக்காதிருக்க இது உதவினால் நன்று.

கண்ணாடி தேடி நம்மை அலைய வைத்தது காதுதான். ஒரு நாள் மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தோம். வந்தவர் ஆணா பெண்ணா, எந்தப் பங்கு, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கு வேண்டா. அவர் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். மூச்சு வந்து போகும் ஓசை மட்டுமே நமக்குக் கேட்டது. "சற்று உரக்கச் சொல்லுங்கள்" என்றோம். மீண்டும் அதே மூச்சு. மறுபடியும் கேட்டோம்; நம்மை அறியாமல் நமது குரல் உயர்ந்துவிட்டது போலும். வெளியே வரிசையில் நின்றவர்கள் தமக்குள் பேசிக் கொண்டிருந்ததை நிறுத்தியது தெரிந்தது. சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு முழந்தாளிட்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். எதைச் சொல்ல வந்தாரோ அதைச் சொல்லாமலே போனார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் காது மருத்துவரிடம் சென்றோம். கூண்டு போன்ற ஓர் அறையில் அமர்த்தி, காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு வரைபடத்தை மருத்துவர் நம் முன் வைத்தார். தாழ்ந்த சுருதிகளில் ஏறத்தாழ நேராகச் சென்ற கோடு, 4000 ஹெர்ட்ஸ் என்று குறித்திருந்த இடத்தில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கி, அப்பால் சிறிது ஏறியது. இரு காதுகளுக்கும் அப்படியே; இடக் காதில் பள்ளம் சற்று ஆழம்.

"எந்த மில்லில் வேலை பார்த்தீர்கள்?" என்று அவர் கேட்டார். நாம் பார்க்கும் வேலையைச் சொன்னோம். வியந்தவர், "வேறு இரைச்சல் ஏதும் உண்டா?" என்றார். புல்லட்டைப் பற்றிச் சொன்னதும் பேனாவை மேசை மீது வைத்துவிட்டார். நாம் உடனே, வண்டியின் புகைக்குழல் நிறுவனம் பொருத்தியதுதான், சத்தம் கூட்டும் குழல் எதையும் மாட்டவில்லை என்று வாதாடினோம். அவர் சிரித்தார். "இன்ஜினை விடுங்கள். வேகமாகப் போகும்போது தலைக்கவசத்தைச் சுற்றிக் காற்று சுழல்கிறதே, அதுதான் உங்கள் மில்" என்றார்.

அவர் விளக்கியதை நாம் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிப்பர். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை காது பொறுத்துக்கொள்ளும் என்பது தொழிற்சாலைகளுக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கும் ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி நேரம், 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 100 டெசிபெல் என்றால் பதினைந்தே நிமிடம். மோட்டார் சைக்கிள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சல் 95, 100 டெசிபெல்லைத் தொடுவது வழக்கம். நாம் அவ்வளவு விரைவாகச் செல்வதில்லை, எழுபது, எண்பது. ஆயினும் மணிக்கணக்கில் செல்கிறோம். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்போன்ற அணுக்கள் இந்த அடியில் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி. பிறர் பேசும் குரல் கேட்கும். ஆனால் ச, ஷ, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். கிசுகிசுப்பு என்பதோ முழுக்க முழுக்க அத்தகைய ஒலிகளால் ஆனது. மருத்துவர் இதைச் சொன்னபோது நமக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது.

"வண்டியை விட்டுவிடுங்களேன்" என்றார் அவர். எளிய யோசனைதான். ஆனால் நமது கிளைப் பங்குகள் சிலவற்றுக்கு இரவில் பேருந்து கிடையாது. நோயாளி ஒருவருக்காக அழைப்பு வந்தால் புல்லட்டைத்தான் எடுக்க வேண்டும். அதுவல்லாமல், மாதம் ஒரு முறை தாயாரைப் பார்க்க இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள நம் ஊருக்குச் செல்கிறோம். கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி, அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இந்தப் பயணத்தைப் பேருந்திலும் செய்யலாம் என்பதை மறுக்கவில்லை. அதிகாலையில் உப்பளங்களுக்கு நடுவே தனியாகச் செல்லும் அந்தச் சில மணி நேரத்தின் மீது நமக்குப் பற்று இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

நாம் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்ப் பங்குத்தந்தை பழைய என்ஃபீல்டு ஒன்று வைத்திருந்தார். மார்கழியில் அதிகாலைப் பூசைக்குக் கிளம்பும்போது அங்கியின் உள்ளே நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார். தலையைத் துண்டால் சுற்றிக்கொள்வார். காற்றுக்கு எதிராக அவருக்கு இருந்த தடுப்பு அவ்வளவே. முதுமையில் அவருக்குக் காது கேளாமற் போயிற்று. வயதின் குறை என்றுதான் அப்போது நினைத்தோம்.

நமது பங்கில் புல்லட்டில் லடாக் வரை சென்று வந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் யோசனை கேட்டோம். "முதல்ல ஹெல்மெட்ட மாத்துங்க சாமி" என்றார். அதுவரை நாம் அணிந்திருந்தது முகம் திறந்த தலைக்கவசம். முகம் முழுதும் மூடுவதும், கழுத்தை ஒட்டி இறுக்கமாக அமர்வதுமான ஒன்றை வாங்கினோம். இரைச்சல் ஓரளவு அடங்கியது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் காற்றே நம் மேல் படாமற் செய்துவிட்டால் இரைச்சலுக்கு இடமே இராது என்று நம் அறிவு கணக்குப் போட்டது. அதன் பலனாக நகரத்துக் கடை ஒன்றில், இருப்பதிலேயே உயரமான கண்ணாடியை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தோம். கடைக்காரர் இதைப் போட்டால் காரில் போவது போல் இருக்கும் என்றார், நாமும் நம்பினோம்.

நெஞ்சைப் பொறுத்தவரை அவர் சொன்னது மெய்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ ஏழரை கிலோ எடைக்கு நிகராக அழுத்தும் காற்று, 80 கிலோமீட்டரில் அதைப்போல் நான்கு மடங்காக, 30 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். பயணம் முழுதும் அதைத் தோளாலும் கையாலும் எதிர்த்துப் பிடித்திருப்பதால்தான் உடல் அயர்கிறது. உயரமான கண்ணாடி அந்தப் பளுவை வாங்கிக்கொண்டது. தோள் வலி போயிற்று. வண்டும் தூசியும் மேலே படவில்லை. ஆனால் தலைக்குள் இடி இடித்தது. முன்பு சீறலாக இருந்த இரைச்சல் இப்போது தகரக் கூரையைக் கையால் தட்டுவது போலத் தடதடத்தது. தலைக்கவசமே ஆடிற்று. முதுகுப்புறமிருந்து யாரோ நம்மை முன்னே தள்ளுவது போன்ற உணர்வு வேறு.

ஆடி மாதத்தில் அந்தக் கண்ணாடியோடு ஊருக்குப் புறப்பட்டது நாம் செய்த இரண்டாவது தவறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியை ஆராய விரும்புவோர் பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே சென்று பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாய் நிற்பது அதனால்தான். தெற்கு நோக்கிச் செல்வோருக்கு அந்தக் காற்று வலப்பக்கத்தில் வந்து மோதும். நமது கண்ணாடி ஹேண்டில்பாரில் கட்டிய பாய்மரமாயிற்று. உடலின் மேல் மோதும் காற்று வண்டியைச் சாய்க்கும். ஹேண்டில்பாரின் மேல் உள்ள கண்ணாடியில் மோதும் காற்றோ சக்கரத்தையே திருப்பும். லாரி ஒன்று நம்மை முந்தியபோது காற்று ஒரு நொடி மறைந்தது. லாரி விலகியதும் அறைந்தது. வண்டி ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போய்விட்டது. பின்னால் வேறு வண்டி வராதது இறைவன் அருள். காவல்கிணற்றில் தேநீர்க்கடை ஓரமாக நிறுத்தியபோது விரல்கள் விறைத்திருந்தன. அங்கிருந்து ஊர் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து சென்றோம்.

திரும்பி வந்து இளைஞரிடம் முறையிட்டோம். அவர் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் காலை ஆளரவமற்ற நேரான சாலைக்கு நம்மை அழைத்துச் சென்று, "சாமி, அறுபதுல போங்க. போயிக்கிட்டே ஃபுட்ரெஸ்ட்ல கால ஊனி லேசா எந்திரிச்சு நில்லுங்க. சத்தத்த மட்டும் கவனிங்க" என்றார். ஐம்பது வயதைக் கடந்த குருவானவர் புல்லட்டில் எழுந்து நின்று செல்வதைப் பங்கு மக்கள் காணவில்லை என்ற துணிவில் அவ்வாறே செய்தோம். தலை கண்ணாடியின் விளிம்பைக் கடந்து அரை அடி மேலே சென்றதும் தடதடப்பு நின்றது! காற்று நேராக முகத்தில் மோதிற்று. ஆனால் ஒழுங்கான, மெல்லிய சீறலாக இருந்தது. உட்கார்ந்தோம்; இடி. எழுந்தோம், அமைதி. மூன்று முறை செய்து பார்த்தோம்.

இளைஞர் சொன்ன விளக்கம் இது. ஒழுங்காக ஓடிவரும் காற்று கண்ணாடியின் மேல் விளிம்பில் அறுபட்டு, ஆற்றில் பாறைக்குப் பின்னே நீர் சுழல்வது போலச் சுருண்டு சுருண்டு பின்னால் வருகிறது. அந்தச் சுருள்கள் வந்து விழும் இடத்தில் நமது தலை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னே காற்றழுத்தம் குறைவதால், பின்புறத்துக் காற்று அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்னே வருகிறது. முதுகில் கை வைத்துத் தள்ளியது அதுதான். ஒன்று, தலை முழுதும் மறையுமளவுக்குக் கண்ணாடி பெரியதாக வேண்டும். அல்லது, தலை தெளிந்த காற்றில் நிற்குமளவுக்குச் சிறியதாக வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் காதுக்குக் கொடுமை. நாம் வாங்கியது சரியாக அந்த இடைப்பட்ட உயரம். கடையில் இருந்ததிலேயே உயரமானது என்ற பெருமை ஒன்றுக்கும் உதவவில்லை.

இன்னும் பெரியது வேண்டும் என்றால் வண்டியின் சட்டத்திலேயே பொருத்தும் முழு ஃபேரிங்கை நாட வேண்டும். அதையும் சில நாள் ஆராய்ந்தோம். அதன் வரலாறு சுவையானது. இத்தாலியில் கோமோ ஏரியின் கரையில் மண்டெல்லோ என்னும் ஊரில் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1950-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிளை ஆளோடு நிறுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டியது. அந்நாளில் பந்தய வண்டிகளுக்கு முன்சக்கரமும் மறையும்படி ஓடு போன்ற முழு உறையை அணிவித்தனர். வேகம் கூடியது, ஆனால் பக்கக் காற்றில் வண்டிகள் தடுமாறின. 1957-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்குப் பின் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவ்வகை உறைகளைத் தடை செய்தது. பணகுடிக்கு அப்பால் நாம் பட்டதை நினைத்தால் தடை செய்தவர்களின் கையைக் குலுக்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த கிரெய்க் வெட்டர் என்பவர் 1970-களில் விண்ட்ஜாமர் என்னும் ஃபேரிங்கை விற்றார். பல நிறுவனங்களின் வண்டிகளுக்கும் ஒரே ஃபேரிங். வண்டிக்கு வண்டி பொருத்தும் தாங்கிகள் மட்டும் வேறு. அது சட்டத்தோடு பொருந்துவதால் காற்றின் உதை ஹேண்டில்பாருக்கு வராது. அந்நாட்டில் நெடுந்தொலைவு செல்வோர் பலர் அதையே நாடினர். 1976-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், இத்தாலியின் பினின்ஃபரினா காற்றுச் சுரங்கத்தில் வடிவமைத்த முழு ஃபேரிங்கோடு ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கிற்று.

படங்களைப் பார்க்கப் பார்க்க ஆசை மூண்டது உண்மை. கண்ணாடி நாரிழையில் ஒன்று செய்து தருவதாக வெளியூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆனால் மாதிரியை வைத்து ஹேண்டில்பாரை முழுதும் திருப்பியபோது நமது விரல்கள் உறையில் இடித்தன. மேலும் புல்லட் ஒற்றை உருளை இன்ஜின் கொண்டது; அதன் அதிர்வு தாங்கிகளின் பற்றவைப்பைச் சிறுகச் சிறுக விரியச் செய்யும் என்று நம் மெக்கானிக் எச்சரித்தார். இன்ஜின் காற்றால் குளிர்வது. அதன் முன்னே அகலமான உறையை நிறுத்தினால் இன்ஜினும் சுடும், நம் காலும் சுடும். சட்டமும் ஒன்று உண்டு: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கழற்றி மாட்டும் சிறு கண்ணாடி வேறு, முகப்பு விளக்கையே இடம் மாற்றும் உறை வேறு.

இவற்றையெல்லாம் விட நமக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. ஃபேரிங் குளிர்நாட்டில் வளர்ந்த பொருள். அங்கே காற்றைத் தடுப்பது என்றால் குளிரைத் தடுப்பது. சித்திரை வெயிலில் சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் இடையே நெஞ்சில் படும் அந்தக் காற்றையும் தடுத்துவிட்டால் அங்கியோடு அவிந்து போவோம். ஆகவே பெரியதைக் கைவிட்டோம். சிறியதன் பக்கம் திரும்பினோம்.

புதிதாக வாங்குவதற்கு முன் இருந்ததையே வெட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பழையது அக்ரிலிக். இரு பக்கமும் ஒட்டுத்தாளை ஒட்டி, பல் நெருங்கிய இரம்பத்தால் மெதுவாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலமாகக் குறைத்தோம். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். முதல் அங்குலத்தில் இரைச்சல் கூடியது! மனம் சோர்ந்தது. இரண்டாவதில் பழைய நிலை. மூன்றாவதில் குறையத் தொடங்கியது. ஐந்தாவதில் விளிம்பு நம் நெஞ்சுக்குச் சற்று மேலே வந்து நின்றபோது, காற்று தோளுக்கு மேலே தாக்க, தலை தெளிந்த காற்றில் இருந்தது. ஐந்து அங்குலம் போனதற்கு ஒரு சிறு நன்மையும் உண்டு: இரவில் எதிர்வரும் விளக்குகள் கண்ணாடியின் கீறல்களில் சிதறி மயக்குவது நின்றது. எத்தகைய கண்ணாடியானாலும் அதன் மேலாகச் சாலையைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதன் ஊடாகப் பார்க்கும்படி இருத்தல் கூடாது என்பதை மழை இரவில் ஒரு முறை சென்றவர்கள் ஒப்புக்கொள்வர்.

சரியான உயரம் கிடைத்த பத்தாம் நாள் அக்ரிலிக் விரிந்தது. தவறு நம்முடையதே. வெயிலில் அக்ரிலிக் பெரிதும் விரியும், இரவில் சுருங்கும். ஆகவே திருகாணித் துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, ரப்பர் வளையம் வைத்து, மிதமாக முறுக்க வேண்டும். நாமோ கழன்றுவிடுமோ என்று அஞ்சி இறுக்கித் தள்ளியிருந்தோம். துளையிலிருந்து நட்சத்திரம் போல் கீறல்கள் கிளம்பின. அக்ரிலிக் உடைந்தால் கூரிய துண்டுகளாகும் என்பதால் அதை அன்றே கழற்றினோம்.

இப்போது வண்டியில் இருப்பது பாலிகார்பனேட். அடிபட்டாலும் எளிதில் உடையாது; ஆனால் கீறல் விழுவது எளிது. காய்ந்த துணியால் துடைத்தால் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும். ஈரத்துணியைச் சிறிது நேரம் போர்த்தி வைத்து, வண்டுகள் ஊறிய பின் தண்ணீரால் கழுவ வேண்டும். பெட்ரோலோ, வீட்டு ஜன்னலுக்குத் தெளிக்கும் அம்மோனியா கலந்த நீர்மமோ படலாகாது. அளவு சிறிது, முகப்பு விளக்குக்கு மேலே ஒரு சாண். சாய்வை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. விளக்குக்கும் கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் இடையே இரு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம். அதன் வழியே கொஞ்சம் காற்று உள்ளே வருவதால் பின்னே வெற்றிடம் குறைகிறது. முதுகில் தள்ளுவதும் நின்றது. ஹேண்டில்பாரோடு திரும்புவதுதான் இதுவும். எனினும் பரப்பு சிறிதாகையால் கடந்த ஆடியில் முப்பந்தலைக் கடந்தபோது சக்கரம் நம் பேச்சைக் கேட்டது. இந்தப் பாதையும் இந்த உயரமும் உடைய நமக்கு இது பொருந்திற்று. நம்மைவிட உயரமானவர் இதே கண்ணாடியை வாங்கி இதே பலனை எதிர்பார்க்க வேண்டா. கடையில் நண்பரின் வண்டியை இரவல் வாங்கியாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தலை காற்றில்தான் இருக்கிறது. தெளிந்த காற்றும் காற்றுதானே. காதை உண்மையில் காப்பது, மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான். விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாகச் செருகினால் இருபது டெசிபெல்லுக்கு மேலும் குறையும். பிறர் ஒலிப்பான் கேட்காதே என்று அஞ்சினோம். காற்றின் இரைச்சல் அடங்கியதால் லாரியின் ஒலிப்பான் முன்னிலும் தெளிவாகக் கேட்கிறது. இதை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். இவ்வளவு மலிவான பொருள் உதவும் என்று நம்ப நமக்கு ஓராண்டும், இரண்டு கண்ணாடிகளும், ஒரு பட்டறைக்காரரின் பொறுமையும் தேவைப்பட்டன.

கண்ணாடி வீண் என்று சொல்ல மாட்டோம். அது தடதடப்பை நீக்கியது, தோளைக் காத்தது. தாயாரின் வீட்டில் வண்டியை நிறுத்தும்போது முன்பு போல் உடல் நடுங்குவதில்லை. சென்ற மாதம் அடைப்பானைக் கழற்ற மறந்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்க, நாம் புன்னகைத்துக்கொண்டே நின்றோம். கிட்டே வந்து காதைப் பார்த்துவிட்டு, "ஏ மக்கா, காதுல பஞ்ச வச்சிக்கிட்டா அம்மையப் பாக்க வருவா?" என்று தலையில் தட்டினார்கள்.

இழந்த கேள்விப் புலன் திரும்பவில்லை. திரும்பாது என்று முன்பே சொல்லப்பட்டதுதான். சென்ற வாரம் எடுத்த வரைபடத்தில் பள்ளம் அப்படியே இருக்கிறது; மேலும் ஆழமாகவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலக் காது கம்பி வலையை ஒட்டியிருக்கும்படி அமர்கிறோம். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். மக்கள் புழுக்கத்தில் வரிசையில் நிற்கிறார்கள். இதுவரை யாரும் குறைசொல்லவில்லை. அன்று எழுந்து போனவர் திரும்ப வந்தாரா என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை.

விரிந்த அக்ரிலிக்கை எறிய மனமில்லாமல் கோவில்பிள்ளையிடம் கொடுத்தோம். அவர் அதைக் கடற்கரைக் கெபியில் மெழுகுவர்த்தித் தட்டுக்கு முன்னே கடற்காற்றுக்கு மறைப்பாக நட்டு வைத்தார். சுடர் அணையவில்லை, ஆனால் கடற்பக்கமே, காற்று வரும் திசையை நோக்கியே சாய்ந்து கண்ணாடியைக் கரியாக்கியது. அவர் அதிசயித்து நம்மை அழைத்துக் காட்டினார். நாம் இரண்டு செங்கல் துண்டுகளை எடுத்துக் கண்ணாடியின் அடியில் வைத்து, இரு விரல் அளவு தூக்கிவிட்டோம்.